முன்னால் நெய்த துணி

ஆங்கிலத்தில் ‘ப்ரீடெக்ஸ்ட்’ என்றொரு சொல் உண்டு. உண்மையான காரணத்தை மறைப்பதற்காக வெளியே சொல்லப்படும் இன்னொரு காரணம் என்று அதற்குப் பொருள். ‘டெக்ஸ்ட்’ என்ற பகுதி அதில் இருப்பதால், நூலுக்கு முன்னால் வரும் பாயிரம் போன்ற ஏதோ ஒன்று என்று என் மாணவிகள் ஊகிப்பார்கள். அந்த ஊகம் முழுக்கத் தவறில்லை. ‘முன்’ என்பதும் அதில் இருக்கிறது, ‘நூல்’ என்பதும் இருக்கிறது. ஆனால் அது புத்தகமாகிய நூல் அல்ல, தறியில் ஓடும் நூல்.

லத்தீன் மொழியில் ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். நெய்த துணி ‘டெக்ஸ்டைல்’ ஆனது. சொற்களை நெய்தது ‘டெக்ஸ்ட்’ ஆனது. ‘ப்ரே’ என்றால் முன்னால். ‘ப்ரேடெக்ஸெரே’ என்றால் முன்னால் நெய்தல், அதாவது ஒன்றின் முன்னே துணி நெய்து மறைத்தல். அந்த வினையில் பிறந்த சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பாசாங்கு என்று நாம் மொழிபெயர்க்கும் ‘ப்ரிடென்ஸ்’ வேறு வேரிலிருந்து வந்தது. ‘டெண்டெரே’ என்றால் இழுத்து விரித்தல். முன்னால் இழுத்துக் கட்டியது ‘ப்ரிடென்ஸ்’. ஒன்று நெய்த திரை, மற்றது கட்டிய திரை. இரண்டுக்கும் பின்னால் யாரோ நிற்கிறார்கள்.

தமிழிலும் ஏமாற்றைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் துணியே வருகிறது. ‘சேவை என்ற போர்வையில்’ என்று எழுதுகிறோம். முகத்திரை கிழிந்தது என்கிறோம். குட்டு வெளிப்பட்டால் சாயம் வெளுத்தது என்கிறோம். பாசாங்கு, பாவனை, வேஷம், பம்மாத்து, சாக்குப்போக்கு என்று ஏமாற்றுக்கு நம்மிடம் வகை வகையாகச் சொற்கள் இருக்கின்றன. ஆனாலும் ‘ப்ரீடெக்ஸ்ட்’ என்ற சொல்லை இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பொய் வேறு, முன்னால் நெய்த துணி வேறு. பொய்யைத் தட்டினால் உடைந்துவிடும். துணி அப்படியல்ல. அது உண்மையான இழைகளால் நெய்யப்பட்டிருக்கும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் கிழியாமல் தொங்குகிறது. நான் வாழும் கோயம்புத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள பஞ்சாலை ஊர்களிலும் அப்படியொரு துணி கால் நூற்றாண்டுக்கு மேல் தொங்கியது. அதன் பெயர் சுமங்கலித் திட்டம்.

அதற்கு முன் நூற்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டு மரபு விசயமங்கலத்துச் சமணக் கோயிலோடும் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தோடும் சேர்த்துப் பேசுகிறது. நூல் என்ற சொல்லுக்கு அவர் தரும் விளக்கம் தமிழ் மாணவர்கள் அனைவரும் படித்ததுதான். சொற்கள் பஞ்சு, வரிகள் இழை, அறிவு கதிர், வாய் கை. புலவனுக்கு அவர் சொல்லும் உவமை என்ன? நூற்கும் பெண். இலக்கண வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் நிறுத்துவேன். புலவன் ஆண். அவன் செய்யும் வேலையை விளக்க ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டிருக்கிறது. நூற்பவள் யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சங்கப் பாடல்களிலும் நூற்பவள் பெண்தான். ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் நூற்ற மெல்லிய நூலை உவமையாகக் காட்டும் பாடல் நற்றிணையில் இருக்கிறது. கணவனை இழந்தவளும் தனியாக நின்றவளும் கதிரைச் சுற்றி வயிறு கழுவினார்கள். அதாவது, சுமங்கலி அல்லாதவளின் பிழைப்பாக நூற்பு இருந்திருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் கழித்து, சுமங்கலி ஆவதற்காக நூற்கிறாள் என்று சொல்லி இளம் பெண்களை மில்லுக்குக் கூட்டிவந்தார்கள்.

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பட்டம் நிலைத்தது. அந்த மில்களில் தொடக்கம் முதலே பெண்கள் இருந்தார்கள். ரீலிங்கும் கழிவுப் பஞ்சுப் பிரிவும் அவர்கள் இடம். பிறகு அவர்கள் எண்ணிக்கை குறைந்தது. பல காரணங்களில் ஒன்று, பெண்ணைக் காக்க வந்த சட்டம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களை ஆலையில் வேலை வாங்கக்கூடாது என்றது. மூன்று ஷிப்டும் ஓடும் மில்லில், ஒரு ஷிப்டுக்கு மட்டும் வரக்கூடியவளை முதலாளி ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? பாதுகாப்பு என்ற சொல் அவளை மெல்ல வெளியே அனுப்பியது. உள்ளே தங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நிரந்தரத் தொழிலாளியாகி, சங்கம் வைத்து, போனஸ் கேட்டுப் போராடியவர்களும் அவர்களே.

1990களில் காற்று திசை மாறியது. சங்கம் உள்ள பழைய மில்கள் நொடித்தன அல்லது ஆட்களைக் குறைத்தன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் விடுதியோடு கூடிய நூற்பாலைகள் எழுந்தன. அங்கே வேலைக்கு வேண்டியவர்கள் திருமணமாகாத பெண்கள். 18 வயது நிரம்பாதவர்களும் அவர்களில் நிறைய. தேனி, மதுரை, விருதுநகர், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்து வேனில் வந்தார்கள். பெரும் பகுதியினர் தலித் குடும்பங்களையும் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டு. சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் பிடித்தது போகச் சிறு தொகை மாதந்தோறும் கையில் வரும். மூன்று ஆண்டு முடிந்தால் 30,000, 40,000, 50,000 ரூபாய் என்று மொத்தமாக ஒரு தொகை. அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம். சில மில்கள் இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தன. சில இடங்களில் மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம்.

இந்தத் துணியின் இழைகளைப் பாருங்கள். ஊருக்கு வரும் ஏஜெண்ட் சொன்னவற்றில் பல உண்மை. வீட்டில் பெண் இருக்கிறாள் என்பது உண்மை. அவளுக்கு நகை போட வேண்டும் என்ற பயம் உண்மை. ஊரில் வேலை இல்லை, வயசுக்கு வந்த பெண்ணைக் கண்ட இடத்துக்கு அனுப்ப முடியாது என்ற கவலையும் உண்மை. மில்லில் சுற்றுச்சுவர் இருக்கிறது, வார்டன் இருக்கிறார், ஆண்கள் வர முடியாது, செல்போன் கிடையாது. பெற்றவர்களின் ஒவ்வொரு அச்சத்துக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. வரதட்சணைக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை. வரதட்சணை கொடுக்க வழி மட்டும் இருந்தது. எங்கள் கற்பு, எங்கள் கல்யாணம், எங்கள் மானம் ஆகியவற்றிலிருந்து எடுத்த நூலால்தான் அந்தத் திரையை நெய்தார்கள்.

திரையின் பின்னால் இருந்தது கணக்கு. மூன்று ஆண்டுக்கு 1,095 நாள். 50,000 ரூபாயை அதனால் வகுத்தால் நாளுக்கு 46 ரூபாய் கூட வராது. அதையும் மூன்று ஆண்டு முடியும்வரை மில்லே வைத்திருக்கும். உடம்புக்கு முடியாமல் இடையில் வீடு திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வருமா என்பது மில்லின் கருணை.

இப்போது சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அன்று நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டப்படி ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. கூலியை மூன்று ஆண்டு பிடித்துவைக்க வேண்டுமானால் அதைக் கூலி என்று அழைக்கக் கூடாது. ‘திட்டத் தொகை’ என்று அழைக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. ஆகவே சில மாதங்களில் கற்றுக்கொள்ளும் வேலையை மூன்று ஆண்டு பழகும் ‘அப்ரண்டிஸ்’ ஆனாள் அவள். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குப் பிடித்தல் என்று பொருள். ஒரு கிளையில் பாடத்தைப் பிடித்தல்; இன்னொரு கிளையில் ஆளைப் பிடித்துக் கைது செய்தல். அதே 1961இல் வந்தது வரதட்சணைத் தடைச் சட்டம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றமான ஒன்றுக்குச் சேமிக்கச் சொல்லி வெளிப்படையாக ஒரு திட்டம் நடந்தது. மகப்பேறு நலச் சட்டமும் அதே 1961தான். மணமாகாதவளை எடுத்து, மணமாகும் முன் அனுப்பிவிட்டால் அந்தச் செலவு ஒருபோதும் வராது. ஒரே ஆண்டில் பிறந்த மூன்று சட்டங்களையும் ஒரே பெயரால் மூடிவிட முடிந்தது.

சுமங்கலி என்ற சொல் இப்படிப் பயன்பட்டது இதுதான் முதல் முறையா என்றால், இல்லை. பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடப்பட்ட பெண்ணை ‘நித்திய சுமங்கலி’ என்றார்கள். அவள் கணவன் கடவுள். கடவுளுக்குச் சாவில்லை, ஆகவே அவளுக்குத் தாலி அறுவதில்லை. கலையும் வழிபாடும் அந்த வாழ்க்கையில் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவை அந்தத் துணியின் உண்மையான இழைகள். பின்னால் நின்றவர்கள் மிராசுகளும் மைனர்களும். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ஒரு நாவல் எழுதி அதற்குத் ‘தாசிகள் மோசவலை’ என்று பெயர் வைத்தார். வலையும் நூலால் பின்னுவதுதான். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் 1927இல் எழுப்பிய குரல், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. நித்திய சுமங்கலி என்ற சொல் வழக்கொழிந்தது. கணவன் சாகமாட்டான் என்று சொல்லி ஒருத்தியிடமிருந்து எடுத்தார்கள். கணவன் கிடைப்பான் என்று சொல்லி இன்னொருத்தியிடமிருந்து எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் அவள் உழைப்புக்கு உழைப்பு என்ற பெயர் கிடைக்கவில்லை.

மூவலூர் அம்மையாரின் பெயர் இந்தக் கதைக்குள் இன்னொரு முறை வருகிறது. 1989இல் தமிழ்நாடு அரசு அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால் 5,000 ரூபாய். 2011இல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. இதுவும் முன்னால் நெய்த துணிதான் என்பேன். வெளியே கல்யாணம், உள்ளே படிப்பு. கல்யாணத்துக்கு உதவி கிடைக்கும் என்ற சாக்கில் எத்தனையோ வீடுகளில் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் விட்டார்கள். சுமங்கலித் திட்டமும் அரசுத் திட்டமும் அதே அச்சத்தை எடுத்து நெய்தவை. ஆனால் ஒன்றின் பின்னால் 46 ரூபாய்க் கூலி நின்றது. மற்றதன் பின்னால் பள்ளிக்கூடம் நின்றது. 2022இல் அரசு அந்தத் திரையையும் எடுத்துவிட்டது. திருமண உதவி உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, புதுமைப் பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. படிப்புக்குத் தருகிறோம் என்று நேராகச் சொல்ல 33 ஆண்டு ஆகியிருக்கிறது.

திரைகளை அதிகாரத்தில் இருப்பவர்கள் மட்டும் நெய்வதில்லை. மூன்று ஆண்டு மில் விடுதியில் இருந்துவிட்டு, அந்தப் பணத்தில் படிக்க வந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். தாய்மாமனுக்குக் கட்டிவைக்க வீட்டில் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வயது 16. “மில்லுக்குப் போறேன், மூணு வருசத்துல என் நகைக்கு நானே சம்பாரிச்சு வாரேன்னேன். அதுக்கு மேல யாரும் பேசல. நல்ல சாக்கு கெடச்சுச்சுன்னு கெளம்பிட்டேம்மா” என்றாள். அங்கே பட்டதையும் சொன்னாள்: இரண்டு ஷிப்ட் தொடர்ந்து நின்ற நாட்கள், மூச்சில் ஏறிய பஞ்சு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் பக்கத்தில் நிற்கப் பேசிய போன். “ஆனா அந்த மூணு வருசம் இல்லைன்னா இப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்க” என்றும் சொன்னாள்.

அவள் பேசியபோது எனக்குப் பெனலோப்பியின் நினைவு வந்தது. ஹோமரின் ஒடிஸி காவியத்தில் கணவன் திரும்பாத வீட்டில் மாப்பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். மாமனாருக்கு ஈமத்துணி நெய்து முடித்ததும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறேன் என்கிறாள் அவள். பகலில் நெய்கிறாள், இரவில் பிரிக்கிறாள். மூன்று ஆண்டு அப்படி ஓடுகிறது. நான்காம் ஆண்டில் பணிப்பெண் ஒருத்தி காட்டிக்கொடுக்கிறாள். ‘ப்ரீடெக்ஸ்ட்’ என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு இதைவிட நேரான கதை கிரேக்கத்தில் கிடைக்காது. மாமனாருக்குச் செய்யும் கடமை என்ற, எவரும் குறை சொல்ல முடியாத நூலை எடுத்துத் தனக்கு வேண்டிய காலத்தை அவள் நெய்துகொண்டாள். என் மாணவி எடுத்ததும் அத்தகைய நூல்தான்: நல்ல பெண், நகைக்கு உழைக்கும் பெண்.

ஆகவே மில்லுக்குப் போன பெண்களை ஏமாந்தவர்கள் என்று மட்டும் எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. பலருக்குத் திரை தெரியும். அதன் பின்னால் தங்களுக்கென்று ஓர் இடத்தையும் ஒதுக்கிக்கொண்டார்கள். அதற்காக இரண்டு திரைகளும் ஒன்றாகிவிடாது. வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாதவள் சாக்குச் சொல்கிறாள். கூலி கொடுக்க முடிந்தவன் கொடுக்காமலிருக்கச் சாக்குச் சொல்கிறான். முதலாமவளுக்கு உரிமை கிடைத்தால் சாக்கு தேவைப்படாது. இரண்டாமவனுக்குச் சட்டம் வந்தால் இன்னொரு சாக்கு வேண்டும்.

அந்த இன்னொரு சாக்கு எங்கிருந்தும் வரலாம் என்பதற்கு இரவு வேலையின் கதையே சான்று. பெண்ணுக்கு இரவு வேலையைத் தடுத்த 66ஆம் பிரிவின் அந்த விதி சமத்துவத்துக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளையும் நிபந்தனையாக வைத்தது. பெண்ணியம் கேட்ட நீதிதான் அது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில் மில்லின் உள்ளேயே உறங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதிகளில் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்வரும் தொழிலாளிக்கு அது உரிமை. வெளியே போக அனுமதியில்லாதவளுக்கு அது நள்ளிரவில் தட்டப்படும் கதவு. முன்பு பாதுகாப்பு என்ற சொல் பெண்ணை வெளியே அனுப்பியது. இப்போது பாதுகாப்பு அவளை உள்ளே பூட்டியது, சமத்துவம் இரவிலும் வேலைக்கு எழுப்பியது.

பாதுகாப்பு என்ற இந்த இழை ‘ப்ரேடெக்ஸெரே’ என்ற வினைக்குள்ளேயே ஓடுகிறது. அதற்குக் கரை வைத்து நெய்தல் என்றும் பொருள் உண்டு. பழைய ரோமில் ஊதாக் கரை போட்ட மேலாடைக்கு ‘டோகா ப்ரேடெக்ஸ்டா’ என்று பெயர். உயர் அதிகாரிகளும் குடிமக்களின் குழந்தைகளும் அதை அணிந்தார்கள். பெண் குழந்தை திருமணம்வரை அணிந்தாள். இவள் குடிமகனின் மகள், தொடாதே என்று அந்தக் கரை ஊருக்குச் சொல்லியது. அடிமையின் மகளுக்குக் கரை இல்லை. எவள் மேல் கரை நெய்வது என்பதை ரோமில் பிறப்பு முடிவுசெய்தது. இங்கே மில்லுக்கு வந்த பெண்களுக்குக் கிடைத்ததும் கரை அல்ல, காம்பவுண்டுச் சுவர். கரை அணிந்தவள் தெருவில் நடக்கலாம். சுவருக்குள் இருப்பவளால் முடியாது.

2011இலும் 2014இலும் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளால் ஐரோப்பியத் துணிக் கடைகள் கேள்வி கேட்கத் தொடங்கின. தமிழ்நாட்டுப் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அதற்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தன. சுமங்கலித் திட்டம் என்ற பெயர்ப் பலகை இறங்கியது. விடுதிகள் இறங்கவில்லை. இப்போது வேன்களும் ரயில்களும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகின்றன. பழைய பெயர் போனதும் ‘திறன் பயிற்சி’, ‘பணியோடு படிப்பு’ என்ற சொற்கள் கேட்கின்றன. அவற்றில் நல்லவையும் இருக்கலாம். பெயரை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதைத்தான் இந்த வரலாறு கற்றுக்கொடுத்திருக்கிறது.

எனவே மாணவிகளுக்கு ஒரு வாசிப்பு முறையைச் சொல்கிறேன். பெண்ணின் நன்மைக்காக என்று ஒரு திட்டம் வந்தால் அதன் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். அவள் கூலி எந்தத் தேதியில், யார் கணக்கில் சேர்கிறது? அவள் நினைத்த நேரத்தில் வாசலைத் தாண்ட முடியுமா? இடையில் வேண்டாம் என்றால் அவள் எதை இழப்பாள்? இவற்றுக்கு நேரான பதில் உள்ள இடத்தில் பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை.

பவணந்தியின் உவமையில் நூற்கும் பெண்ணைப் போலப் புலவன் நூல் செய்கிறான். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் நான் அதிகம் மதிப்பது ஒரு சிறிய தாள்: அவள் பெயர், வேலை செய்த நாட்கள், ஒரு நாள் கூலி, பிடித்தம், கையில் வந்தது. சம்பளச் சீட்டு. சுமங்கலித் திட்டத்தில் இருந்த என் மாணவி மூன்று ஆண்டில் ஒரு முறைகூட அதைப் பார்த்ததில்லை.